ஒண்ணரை பவுண்டு

...எழுபதுக்கு எழுபதுன்னு பலகை வெச்சிருக்கற மொத வளைவுல முள்ளு பூஜ்யத்துலதான் நின்னுச்சு, அத ராஜேஸ்வரி ரெண்டு கண்ணாலயும் பாத்தா, இப்ப அம்பத்தெட்டாவது வளைவுக்கே கோட்ட விட்டு ஒரு நூலளவு மேல ஏறியிருக்குது, எஞ்சின் ஓடல, பம்ப் ஓடல, டேங்குல பெட்ரோலுக்குப் பதிலா ஊத்தற மெத்தனால் சொட்டுக் கெடையாது, கொழாய் ரெண்டும் வாயத் தொறந்துட்டு வெளிக்காத்தப் பாத்துக் கெடக்குது, அப்பறம் எந்த பிரஷர இது காட்டுது, இந்தக் கெரகம் புடிச்ச கேஜு... வண்டி ஆடுறதுல கண்ணு ஏமாத்துதோன்னு துப்பட்டா நுனியில கண்ணாடியத் தொடச்சுப் பாத்தா, இல்ல, ஏறித்தான் இருக்குது. பிக்கப் வேனுக்குப் பின்னாடி, கயித்துல இறுக்கிக் கட்டுன பந்தய பைக்குப் பக்கத்துல சாக்கப் போட்டு ஒக்காந்திருந்தா அவ. முன்னாடி கேபின்ல மூணு பேரு தாராளமா ஒக்காரலாம். ஓட்டறது அவ புருசன் யுவராஜ், பக்கத்துல அவனோட தம்பி ஜீவா, மூணாவது எடத்துல ஹெல்மெட்டு. புது ஹெல்மெட்டு, பின்னாடி போட்டாக் கீறல் உழுந்துருமாம். ஹெல்மெட்டுக்கு சீட்டு, பொண்டாட்டிக்குச் சாக்கு, நல்ல ஞாயந்தான். வாயத் தொறந்தா 'ஏனுங்க', 'சரீங்க', மனசுக்குள்ள மட்டும் அவன் இவன், எப்ப இருந்து இப்படி ஆச்சுன்னு யோசிச்சா அவளுக்கே தேதி ஞாபகமில்ல... இல்ல, இருக்குது, அதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்குது.

அம்பத்தஞ்சுல ஒரு பஸ்ஸு மேல ஏறி வந்துச்சு, அதுக்கு வழி விட அவன் வேன ஓரங்கட்டி நிறுத்துன ரெண்டு நிமிசத்துல அவளுக்குச் சங்கதி பிடிபட்டுப்போச்சு. மூடி. கேஜோட தலையில சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ரப்பர் மூடி. முள்ளு நடுங்கக்கூடாதுன்னு கண்ணாடிக்குள்ள எண்ணெய ஊத்தி, மேல கொஞ்சூண்டு காத்தோட அடைச்சு வெச்சிருக்கற கேஜு இது. காலையில மலை மேல, அவங்க மூணு நாளாத் தங்குன, கொழந்தைசாமியோட மொளகுத் தோட்டத்துக் களத்துல, அந்த மூடிய நகத்தால நெம்பி, உள்காத்தும் வெளிக்காத்தும் ஒண்ணாகட்டும்னு சித்த நேரம் விட்டு, முள்ளு பூஜ்யத்துக்கு வந்த பொறவு அழுத்தி மூடுனது அவதான். மேல இருக்கறது லேசான காத்து. எறங்க எறங்க வெளிக்காத்து கனக்குது, உள்ள மாட்டிக்கிட்ட மலைக்காத்து மட்டும் அப்படியே கெடக்குது. மேல குடிச்சு மூடி வெச்ச தண்ணி பாட்டில் அடிவாரத்துக்கு வந்தா ஒடுங்கிக் கெடக்குமே, பஸ்ஸுல வாந்தி எடுத்துட்டு வர்ற கொழந்தைக்குக் கூடத் தெரியும், அதேதான் இது, பாட்டில்னா நசுங்கும், கேஜுன்னா முள்ளு தானா ஏறும். அடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேர்றதுக்குள்ள ஒண்ணரை பவுண்டு ஏறும்னு மனசு கணக்குப் போட்டுச்சு, ஒண்ணரைதானா, ஒண்ணே முக்காலா... சரி, ஒண்ணரைன்னே வெச்சுக்கலாம்.

ஒண்ணரை பவுண்டு என்ன பண்ணீரும்? டயர்ல ஒண்ணரை பவுண்டு கொறஞ்சா ஒருத்தனும் கண்டுக்க மாட்டான். ஆனா இந்த பைக்குக்கு மெத்தனால் போற பிரஷரே மொத்தம் ஆறு பவுண்டுதான். கீழ போய் ஆறுன்னு கேஜு காட்டறப்ப நெசத்துல நாலரைதான் போகும். பெட்ரோல்ல ஓடற எஞ்சின் குடிக்கறதுக்கு ரெண்டு பங்கு குடிக்கற எஞ்சின் இது, அதுலயும் அடிவாரத்துக் கனத்த காத்துக்கு இன்னும் எச்சாக் கேக்கும், கேக்கறப்பக் கெடைக்கலைன்னா உள்ள சூடு எகிறும், பிஸ்டன் தலை வெல்லப்பாகாட்ட எளகி சிலிண்டர்ல ஒட்டும், ஒட்டுனா எஞ்சின் பிடிச்சுக்கும், பின்சக்கரம் சுத்தாம நிக்கும், நூத்தி எழுவது கிலோமீட்டர் வேகத்துல படக்குனு நிக்கும். மேல ஒக்காந்திருக்கறவன் நிக்க மாட்டான். அவன் போய்ட்டே இருப்பான், ரோட்டு மேல, முட்டி தேய, தோள் தேய... பந்தயம் நடக்கறது சேந்தமங்கலம் ரோட்டுல விக்காமக் கெடக்கற ஒரு லேஅவுட்ல, மனைக்கல் நட்ட நேர்ரோடு, ரெண்டு பக்கமும் மஞ்சப் பெயிண்டு அடிச்ச கல்லு வரிசையா நிக்கும். அட இதுக்கென்ன வெசனம், காரவள்ளி போனதும் நகத்தால மூடிய ஒருக்கா நெம்பி விட்டா முள்ளு ஒழுங்கா எறங்கி ஒக்காந்துக்கும், ஒரு நொடி வேலை. இப்பவே கூடப் பண்ணலாம், கீழ போய் இன்னொருக்காப் பண்ணிக்கலாம். கை போச்சு. கட்டைவெரல் நகம் ரப்பர்ல பட்டுருச்சு. அப்பத்தான் கேபின்ல அவன் சிரிச்சான். என்னத்துக்குச் சிரிச்சானோ, ஜீவா என்ன சொன்னானோ, கண்ணாடி வழியா அந்தச் சிரிப்பு, ஹஹ்ஹான்னு மூணு தடவ விட்டுவிட்டு வர்ற அந்தச் சிரிப்பு... கை தானா எறங்கிருச்சு. பொறவு பாத்துக்கலாம், இன்னும் அம்பது வளைவு கெடக்குது.

மேல ஏத்தி டியூன் பண்ணலாம்னு சொன்னதே அவன்தான். ஊட்டுல, முள்ளுக்குறிச்சி பட்டறையில எஞ்சின முறுக்குனா சத்தம் ஊரெல்லாம் கேக்குது, பக்கத்து ஊட்டுக்காரன் போலீசுக்குப் போறேங்கறான், எதிராளிக வந்து வேவு பாக்கறானுக, கொல்லிமலைக்குக் கொண்டு போய்ட்டா எவன் காதுலயும் உழுவாது. கோயில்ல பூவாக்குக் கேட்டானாம், வெள்ளைப்பூ வந்துச்சாம், சாமியே சொல்லீருச்சாம். அவ சொன்னா, ஏனுங்க, மேல காத்து வேற, கீழ காத்து வேற, அங்க வெச்ச அளவு இங்க ஆகாதுங்க. காத்துல என்னடி மேல் காத்து கீழ் காத்து, ஒங்கப்பன் பட்டறைப் புத்தியக் காட்டாதேன்னான். அவங்கப்பன் நாமக்கல்ல டீசல் பம்ப் நாசில் பட்டறை வெச்சிருந்தவரு, போர் லாரி பம்ப்பெல்லாம் அவருகிட்டத்தான் வரும், பத்தாவது முடிச்ச லீவுலயே ராஜேஸ்வரி நாசில் மாட்டி பிரஷர் அடிச்சு எத்தனை பவுண்டுல தெறக்குதுன்னு எழுதுவா, அந்தக் கை பாத்துத்தான் பொண்ணு கேட்டு வந்தான் இவன், மூஞ்சியப் பாத்து வரல, அத அவனே ஒருக்கா சொன்னான், ஒறம்பறைக நெறஞ்ச கல்யாண ஊட்டுல, எல்லாரும் சிரிக்க. மேல மூணு நாளு அவதான் ஸ்க்ரூவத் திருப்புனா, கேஜு பாத்தா, பிளக்கக் கழட்டி நெறம் பாத்தா, அவன் ஃபோன வெச்சுட்டு 'இப்ப நான் பிரஷர் செட் பண்றேன் நண்பர்களே'ன்னு பேசுனான். அவ கை படத்துல வராம இருக்கறதுக்கு அவ வளையல ஒதுக்கிக்கணும், தள்ளி நிக்கணும். எந்த டியூனர் அண்ணான்னு எவனோ கேட்டதுக்கு 'நான்தான் ப்ரோ'ன்னு பதில் போட்டிருந்தான். போட்டுட்டுப் போறான், அதுக்கெல்லாம் அவ அழுது பல வருசம் ஆச்சு.

இன்னைக்குக் காலையில சொன்னதுதான்... களத்துல கயிறு கட்டிட்டு இருக்கறப்ப, மூஞ்சியப் பாக்காமச் சொன்னான். ராஜி, நீ வர வேண்டாம், போற வழியில பேளுக்குறிச்சி சந்தையில எறங்கிக்க, மல்லி சீரகம் வாங்கிட்டு பஸ்ஸப் புடிச்சு ஊட்டுக்குப் போ. அவளுக்கு மொதல்ல வெளங்கல. அப்ப கேஜு ஆருங்க பாப்பாங்கன்னு கேட்டா. ஜீவா பாத்துக்குவான், ஆறுல வைக்கறதுதானே, முள்ளு ஆறுக்கு வர்ற வரைக்கும் ஸ்க்ரூவத் திருப்பறதுக்கு ஒரு ஆளு வேணுமா? ஜீவா கோழிப்பண்ணையில சூப்பர்வைசர், முப்பது வயசு, கோழித்தீவன மூட்டைய எண்ணத் தெரியும், வீடியோ பாத்து பாத்து இப்ப பிரஷரும் தெரியுமாம். நான் வந்தா என்னங்கன்னு கேட்டா. கேட்டிருக்கக் கூடாது. நீ வந்தீன்னா பசங்க டான்ஸ் அக்கா டான்ஸ் அக்கான்னு கத்துவானுக, போன பந்தயத்துலயே பாத்தியில்ல, ஸ்டார்ட்டிங்ல எனக்குக் கவனம் போயிருது. அவனுக்குக் கவனம் போயிருதாம். டான்ஸ் அக்கான்னு அவளுக்குப் பேரு வெச்சது ஆரு, ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்தது ஆரு, இப்ப அவ மூஞ்சியக் காட்டுனா அவனுக்குக் கவனம் போயிருதாம். வெந்த புண்ணுல வேலப் பாச்சறதுன்னா இதுதான். சரீங்கன்னு சொன்னா. சரீங்கன்னு சொல்லிட்டுத்தான் போய் அந்த ரப்பர் மூடிய நெம்புனா, பூஜ்யம் பாத்தா, மூடுனா.

போன ஆடி மாசம், பட்டறை வாசல்ல, உச்சி வெயில். கொழாய்ல காத்து நின்னுருச்சுன்னு மூட்டு ஒண்ண லேசாத் தளத்துனா, மெத்தனால் முழங்கைக்கு வழிஞ்சுது, சைலன்சர் சூடா இருந்துச்சு, அவ்வளவுதான்... மெத்தனால் தீ வெயில்ல கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளும் இல்ல, நீலமும் இல்ல, பொகையும் இல்ல. கை எரியுது, கையில ஒண்ணுமே இல்ல. அவ குதிச்சா, கைய உதறுனா, சுத்திச் சுத்தி ஓடுனா, எரியுது எரியுதுன்னு கத்துனா. ரெண்டு கஸ்டமரு, ஜீவா, அவன், நாலு பேரும் நின்னு பாத்தாங்க. என்னடி எரியுது, ஒண்ணுங்காணமேன்னான். கொளவி கொட்டியிருக்கும்னு ஒருத்தன் சொன்னான். சிரிக்க ஆரம்பிச்சாங்க. அவன் ஃபோன எடுத்தான். ஹஹ்ஹா, ஹஹ்ஹா, ஹஹ்ஹா. பிளாஸ்டிக் வளையல் தானா உருகித் தோலுல ஒட்டி, சட்டைக்கை தானாக் கருகிச் சுருளற வரைக்கும் சிரிச்சாங்க, அப்பத்தான் ஜீவா தண்ணி ட்ரம்மத் தூக்கி ஊத்துனான். பதினோரு நாளு ஆஸ்பத்திரி. அது கூடப் போகட்டும், தெரியாமச் சிரிச்சான்னு மனசத் தேத்திக்கலாம். ஒம்போதாவது நாளு, அவ கட்டு மாத்தறப்ப வலியில பல்லக் கடிச்சுட்டுக் கெடந்த அன்னைக்கு, அந்த வீடியோவப் போட்டான். வளையல் உருகறதுக்கு முன்னாடியே வெட்டிட்டான். குத்துப்பாட்டு ஒண்ணச் சேத்து, டான்ஸ் அக்கான்னு பேரும் போட்டுட்டான். முப்பத்தெட்டு நொடி. நாலு லட்சம் பேரு பாத்தாங்க. ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்கன்னு கேட்டதுக்கு, சேனல் சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது, நீ என்னமோ மூஞ்சியத் தூக்கிட்டுன்னான். அவ மக கோகிலா, பதினோரு வயசு, ஃபோன ஒளிச்சு வெச்சு வெச்சுப் பாத்துச் சிரிச்சா. அம்மா இன்னொருக்கா அப்படிக் குதிங்கம்மான்னா. புள்ளையச் சொல்லிக் குத்தமில்ல. குத்தமில்லதான்... ஆனா அன்னைக்கு ராத்திரிச் சோறு அந்தப் புள்ளைக்குப் போடறப்ப கை கசந்துச்சு, பெத்த புள்ளைகிட்டக் கசப்பு வருமா, வந்துச்சு.

முப்பத்தாறுல குரங்கு ஒண்ணு கட்டைச்செவுத்து மேல ஒக்காந்து வேனயே பாத்துச்சு. முள்ளு முக்காலத் தொட்டிருந்துச்சு. பாதி மலை, பாதிக் கணக்கு, சரியாத்தான் ஏறுது, ஆத்துல கொட்டுனாலும் அளந்து கொட்டுன்னு அவங்கப்பன் சொல்லுவாரு, ஒரு மனுசன விழத்தாட்டறதுக்கும் அளவு இருக்குதாட்டருக்குது, ஒண்ணரை பவுண்டு. ச்சீ, என்ன நெனப்பு இது. அவ என்ன பண்ணுனா? ஒண்ணும் பண்ணல. மூடிய மேல வெச்சு மூடுனா, அது எப்பவும் பண்றதுதான். கீழ தொறக்கறது அவ சோலிதான், ஆனா அவளத்தான் எறக்கி விடறாங்களே. கேஜு பாக்க ஆளு வேணுமான்னு கேட்டது ஆரு? அப்பப் பாக்கட்டும், பாத்துத் தெரிஞ்சுக்கட்டும், ஆறுல வைக்கறதுதானே, வைக்கட்டும்... விழுந்தா எப்படி விழுவான்? பக்கவாட்டுல சாஞ்சா போட்டிருக்கற தோல்சூட்டு காப்பாத்தும். முன்னாடி தூக்கி எறிஞ்சா மனைக்கல்லு. அவன் கத்துவானா? எரியுது எரியுதுன்னு கத்துவானா? சுத்தி நிக்கறவனுக எல்லாம் ஃபோனக் கையில வெச்சிருப்பானுக. இத நெனச்சதும் அவளுக்கு வாய்க்குள்ள ஒரு இனிப்பு ஊறுச்சு, நெசமாவே எச்சில் ஊறுச்சு, அத முழுங்கிட்டு, சாமி, கோகிலாளுக்கு அப்பன் வேணும் சாமின்னு கும்புட்டா. கும்புட்டுட்டுக் கைய கேஜுகிட்டக் கொண்டு போகல. கும்புடற கை அங்கேயே நின்னுருச்சு. இன்னும் முப்பத்தஞ்சு வளைவு இருக்குதுல்ல.

இருபத்தி ரெண்டுல வேன் நின்னுச்சு. ஜீவா எறங்கி ஓரத்துல குந்தி ஓவ்வுன்னு எடுத்தான், காலையில தின்ன இட்லி மொத்தமும். அவ புருசன் கேபின்ல இருந்து, டேய், ஹெல்மெட்டு மேல பட்டுச்சோ கொன்னு போடுவேன், பின்னாடி போய் ஒக்காருன்னு கத்துனான். ஜீவா மூஞ்சியெல்லாம் வெளுத்து ஏறி வந்து, மெத்தனால் ட்ரம்முப் பக்கத்துல சாஞ்சான். அண்ணி, எலுமிச்சம்பழம் ஏதாச்சு இருக்குதுங்களான்னு கேட்டான். பையில ஒண்ணு இருந்துச்சு, குடுத்தா. மோந்துக்கிட்டே கண்ண மூடிக் கெடந்தான். நல்லவன்தான் இவன். அன்னைக்குத் தண்ணி ஊத்துனது இவன்தானே. ஆனா அதுக்கு முன்னாடி சிரிச்சதும் இவன்தான், மொதல்ல சிரிப்பு, பொறவுதான் தண்ணி, அந்த வரிசைய மாத்த முடியுமா... பதினஞ்சாவது வளைவுக்குக் கண்ணு முழிச்சவன் கேஜையே பாத்துட்டு இருந்தான். அண்ணி, வண்டி ஓடாமயே முள்ளு ஒண்ணு தாண்டி நிக்குதுங்களேன்னான். ஆமாங்கற மாதிரித் தலைய ஆட்டுனா. மேல பாத்தப்பப் பூஜ்யத்துலதானுங்க இருந்துச்சு? ம். அப்ப கீழ போய் எவ்வளவு நிக்குதோ அவ்வளவையும் கழிச்சுட்டுப் பாக்கோணுங்களா அண்ணி? 

அட கோழித்தீவனமே. சரியாக் கேட்டுட்டான். மூளையே இல்லைன்னு அவ நெனச்சிருந்தவன் கேக்க வேண்டியத, கேக்க வேண்டிய எடத்துல கேட்டுட்டான், ஆமா கண்ணு, நிக்கற ஒண்ணரையக் கழிச்சுக்க, இல்லாட்டி இந்த மூடிய நெம்பி விடு, தானா எறங்கும், இவ்வளவுதான் சொல்லோணும், இதச் சொன்னா முடிஞ்சுது, அவளுக்குச் சொகமாத் தூக்கம் வரும், சந்தையில மல்லி வாங்கலாம். வாயத் தொறந்தா. வேன் பதினாலுல திரும்புச்சு, ரெண்டு பேரும் ஒரு பக்கமா சரிஞ்சாங்க, அவளோட எடது கை ட்ரம்முல இடிச்சுது, தழும்பு மேலயே, வலி மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் சுர்ருன்னு ஓடுச்சு. அது வண்டி ஆடுறதுனால அப்படித்தான் நிக்கும் கண்ணுன்னு சொன்னா. குரல் அவ்வளவு கனிவா வந்துச்சு, கோகிலாளத் தூங்க வைக்கறப்பக் கூட அப்படி வராது. ஓடறப்பத் தன்னால சரியாயிரும், நீ ஆறுலயே வை, கழிக்கற சோலியெல்லாம் வேண்டாம். சரிங்க அண்ணின்னான். அப்பாடான்னு மறுபடியும் எலுமிச்சம்பழத்த மோந்தான். அவ்வளவுதான். இத்தனை சுளுவாப் போச்சு. பொய் சொன்னா மூஞ்சியில ஏதாச்சு தெரியும்னு சொல்லுவாங்களே, அவ கேஜு கண்ணாடியில மூஞ்சியப் பாத்தா, ஒண்ணுங்காணோம், எப்பவும் இருக்கற மூஞ்சிதான்.

காரவள்ளியத் தாண்டி சமவெளிக்கு வந்ததும் வெக்கை மூஞ்சியில அடிச்சுது. முள்ளு ஒண்ணரையில அசையாம நின்னுச்சு, கணக்கு ஒரு நூலு பெசகல, பொண்ணுன்னா அவங்கப்பன் பொண்ணுதான். பேளுக்குறிச்சி சந்தை முக்குல வேன நிறுத்துனான். எறங்கறப்பச் சீட்டுல இருந்தே தலைய நீட்டி, மல்லி ரெண்டு படி வாங்கு, பழைய மல்லியத் தலையில கட்டீருவாளுக, மோந்து பாரு, கையில நசுக்கிப் பாரு, போன தடவ வாங்குனாயே தூசி தூசியான்னு ஏழு சொல்லு சொன்னான். சரீங்க. சீரகத்துலயும் கல்லு கலந்திருக்கும், பாரு. பாக்கறேனுங்க. அப்பறம் கியரப் போட்டுக்கிட்டே, கேஜு பாத்துட்டியில்லன்னான். பாத்தாச்சுங்கன்னா. அப்பச் சரின்னு போய்ட்டான். திரும்பிக்கூடப் பாக்கல, பைக்க இல்ல, கேஜ இல்ல, அவள இல்ல. வேன் போன தூசியில நின்னுட்டே இருந்தா. மல்லிய மோந்து பாக்கோணும். சீரகத்த நோண்டிப் பாக்கோணும். அவ வாங்கற பத்து ரூவாக் கறிவேப்பிலையக் கூட அவன் திருப்பித் திருப்பிப் பாப்பான். கேஜ மட்டும் ஆறு வருசத்துல ஒரு நாளும் குனிஞ்சு பாத்ததில்ல. அவ ஆறுன்னா ஆறு. அது மேல ஏறி ஒக்காந்து, நெஞ்ச டேங்குல அமுத்தி, கண்ண மூடிக்கிட்டுப் போற மாதிரிப் போயிருக்கறான், நூத்தி எழுவதுல, இருபத்தி எத்தனை பந்தயம். இதுக்கு என்ன பேரு? பாசம்னு சொல்ல முடியாது, தூ, பாசமாம். மதிப்பும் கெடையாது. தண்ணிக்கொழாயத் தொறந்தா தண்ணி வரும்னு இருக்கற மாதிரி ஒண்ணு. அவள ஒரு மனுசியா நெனச்சிருந்தா சந்தேகப்பட்டிருப்பான்ல? சந்தேகப்படறதுக்குக் கூட அவ ஆளில்ல போலிருக்குது. இல்ல, அப்படியும் சொல்ல முடியாது... வர்றது அழுகையா கோவமான்னு பிரிக்கத் தெரியாம சந்தைக்குள்ள நடந்தா.

கூட்டம் நெரிஞ்சுது. மல்லிக் குவியலும் கடுகுக் குவியலுமா சாக்கு விரிச்சு வரிசையா ஒக்காந்திருந்தாங்க, அவ ஒவ்வொண்ணா மோந்து பாத்துக்கிட்டே ஒரு மணி நேரம் சுத்துனா, எதையும் வாங்கல, மோந்ததும் மறந்துச்சு. ஃபோன எடுத்து எடுத்துப் பாத்தா. கூப்புட்டுச் சொல்லீரலாம். ஜீவா, மூடிய நெம்பு கண்ணு, நான் மாத்திச் சொல்லிட்டேன். மாத்திச் சொல்லிட்டேன்னு எப்படிச் சொல்றது, அவ புருசன் ஃபோன வாங்கிக் கேப்பான், ஏண்டி மாத்திச் சொன்னேன்னு கேப்பான், மறந்துட்டேன்னு சொன்னா ஒரு கேஜு பாக்கத் துப்பில்லைன்னு அதையும் வீடியோவாப் போடுவான். இப்ப ரெண்டாவது ஆட்டம் முடிஞ்சிருக்குமா? எறங்கியிருப்பானா, இன்னும் ஏறவே இல்லையா? கடைசியா ஒரு வயசான அம்மா முன்னாடி குந்துனா. பாப்பாயின்னு பக்கத்துக் கடைக்காரி கூப்புட்டா அவங்கள. ரெண்டு படி போடுங்கம்மான்னு பைய விரிச்சா. பாப்பாயம்மா ஒரு படிய நெறைச்சு, தலையில கூம்பாக் குமிச்சு, ஒண்ணுன்னு சொல்லிக் கொட்டுனாங்க. அப்பத்தான் ஃபோன் அடிச்சுது. ஜீவா.

அண்ணி, ஆறு வெச்சாச்சுங்க, அண்ணன் வண்டி மேல ஏறிட்டாரு, கோட்டுக்கு நகத்துங்கன்னா நகத்த மாட்டேங்கறாரு, அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவேங்கறாரு, சரிதானுங்களா அண்ணி? பின்னாடி எஞ்சின் சத்தம் வந்துச்சு. அவன் ரெண்டு தடவ முறுக்குனான். ஃபோன் வழியாவே அவளுக்குக் கேட்டுச்சு, மெத்தனால் நல்லாக் கெடைக்கற எஞ்சின் அடிக்கற தொண்டைச் சத்தம் இல்ல அது, வறட்டுச் சத்தம், தகரம் கிழியற மாதிரி ஒரு ஓரம். அது அவளுக்குக் கேட்டுச்சு, அங்க நிக்கற நூறு பேத்துக்கும் கேக்கல. என்னடா சொல்றாங்கற அவன் குரல். சித்த இருங்கண்ணா, அண்ணி லைன்லதான் இருக்கறாங்க. அண்ணி? கேக்குதுங்களா? கேக்குது கண்ணு. சரிதானுங்களா? சொல்லீருவா, சொல்லத்தான் போறா, மூடிய நெம்புன்னு ரெண்டே சொல்லு, அதச் சொல்லாம இருக்கறதுக்கு அவ என்ன பேயா... ஆனா அவன் காத்துட்டு இருக்கறான். ஹெல்மெட்டுக்குள்ள வேர்த்து ஊத்த, கால ரெண்டு பக்கமும் ஊனிக்கிட்டு, நூறு பேரு பாக்க, அவ வாய்ல இருந்து என்ன வருதுன்னு காத்துட்டு இருக்கறான். கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அவ வார்த்தைக்காக அவன் இப்படி நின்னதில்ல. அது உடம்பெல்லாம் எறங்குச்சு, குளுகுளுன்னு, இவ்வளவு சொகத்த அவ எதுலயும் பாத்ததில்ல. விழறதக் கேக்கறதுல இல்ல, காப்பாத்தறதுலயும் இல்ல, இந்த நிக்க வைக்கறதுலதான் சொகம் இருக்குதுன்னு அவளுக்கு இப்பத்தான் தெரிஞ்சுது, அது தெரிஞ்சதும்தான் மொத மொறையா அவளப் பாத்து அவளுக்கே பயமாயிருச்சு. ரெண்டுன்னு சொல்லி பாப்பாயம்மா ரெண்டாவது படியையும் பையில கொட்டிட்டாங்க. ஃபோன்ல ஜீவா அண்ணி அண்ணின்னு கூப்புட்டுட்டே இருந்தான், எஞ்சின் மறுபடியும் உறுமுச்சு. இரு கண்ணு, ஒரு நிமிசம்னு சொல்லிட்டு, ஃபோனக் காதுல இருந்து எடுக்காமயே, பைய அந்தம்மா பக்கம் கவுத்து மல்லி முழுக்கச் சாக்குலயே கொட்டுனா.

"அளவு கொறையுதும்மா, மொதல்ல இருந்து அளங்க, மெதுவா."